மாலுக்குப் போய்வருதல்: புலம்பெயர்ந்த தாய்மாரின் மாலைப்பொழுதுக்கு ஒரு வரலாறு

சென்ற ஆண்டுக் கோடையில் ஷார்ஜாவில் வசிக்கும் என் அக்காவின் வீட்டில் ஏழு வாரம் தங்கியிருந்தேன். அக்காவுக்கு இரண்டு குழந்தைகள். மூத்தவனுக்கு நான்கு வயது. இளையவளுக்குப் பதினான்கு மாதம். அத்தான் வேலை முடிந்து வீடு திரும்ப இரவு எட்டு மணியாகும். ஒவ்வொரு நாளும் மாலை ஐந்தரை மணிக்கு அக்கா தள்ளுவண்டியில் சின்னவளை அமர்த்தி, பெரியவனைக் கையில் பிடித்துக்கொண்டு, அருகிலிருக்கும் வணிக வளாகத்துக்குப் புறப்படுவாள். இரண்டு மணி நேரம் அதன் மூன்று தளங்களிலும் நடப்பாள். பெரும்பாலான நாட்களில் ஒன்றும் வாங்கமாட்டாள். வாங்கினால் ஒரு பால் புட்டியோ ரொட்டியோ இருக்கும்.

ஊரில் இதற்கு வேறு பெயர். "தினமும் மாலுக்குப் போகிறாள்" என்று உறவினர் சொல்லும்போது அவ்வாக்கியத்தில் ஊதாரித்தனம், பொறுப்பின்மை, வெளிநாட்டுச் செருக்கு என மூன்று குற்றச்சாட்டுகள் அடங்கியிருக்கும். போவதற்கு முன் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். திரும்பிவந்தபின் சில மாதங்கள் வணிக வளாகங்களின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். என் ஆய்வேட்டுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லை. ஆயினும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. கைக்குழந்தையோடு ஒரு பெண் நாள்தோறும் கடைகளுக்கிடையே நடந்துவருவது எப்போது, எவ்வாறு, யாருக்கு வழக்கமாயிற்று? இப்பதிவு அக்கேள்விக்கு நான் கண்டடைந்த விடைகளின் தொகுப்பு. சற்று நீண்டது, பொறுத்தருள்க.

1. சொற்கள்

மொழியியல் பயின்றவள் சொற்களிலிருந்துதான் தொடங்க இயலும். 'மால்' என்னும் ஆங்கிலச் சொல்லின் மூலம் வணிகமன்று, விளையாட்டு. இத்தாலிய மொழியில் 'பல்லா' என்பது பந்து; 'மால்யோ' என்பது மரச்சுத்தியல். இரண்டும் சேர்ந்த ஒரு பந்தாட்டம் பதினேழாம் நூற்றாண்டு இலண்டனில் 'பால்மால்' என்ற பெயரில் பரவியது. அது ஆடப்பட்ட, மரங்கள் அடர்ந்த நீண்ட பாதைக்கு 'த மால்' என்று பெயர் வந்தது. ஆட்டம் மறைந்தது, நிழலில் உலாவும் பாதை என்ற பொருள் நின்றது. கடைகளுக்கு நடுவே அமைந்த நடைபாதைக்கும், பின்னர்க் கடைகளின் தொகுதிக்கே அச்சொல் பெயராவதும் இருபதாம் நூற்றாண்டின் நிகழ்ச்சிகள். ஆகவே, ஒன்றும் வாங்காமல் நடந்துவரும் என் அக்கா அச்சொல்லின் பழைய பொருளுக்கு உண்மையாக நடந்துகொள்கிறாள் என்று சொல்லலாம்.

தமிழில் 'மால்' என்பதற்கு மயக்கம் என்றும் பொருளுண்டு. இரண்டுக்கும் எவ்வித உறவும் இல்லை. வெறும் ஒலி ஒற்றுமை. ஆயினும் இவ்வொற்றுமைக்கு ஒரு பொருத்தம் உண்டு. அதைப் பின்னர்க் காண்போம்.

நம் பக்கத்துச் சொல் 'அங்காடி'. மதுரைக்காஞ்சி நாளங்காடி, அல்லங்காடி எனப் பகற்கடைவீதியையும் இரவுக்கடைவீதியையும் பிரித்துப் பேசுகிறது. சிலப்பதிகாரத்தில் புகாரின் நாளங்காடி, மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையில், மரங்கள் செறிந்த சோலையில் அமைந்திருந்தது. வணிகரும் பரதவரும் வாழ்ந்த பகுதிக்கும் அரசரும் அந்தணரும் வாழ்ந்த பகுதிக்கும் நடுவே, இரு சாராரும் சந்திக்கும் பொதுநிலம் அது. அங்கே காவற்பூதம் ஒன்று இருந்தது. மறக்குடி மகளிர் பூவும் பொங்கலும் படைத்து அதனை வழிபட்டனர். அங்காடிக்குள் பெண்கள் வந்ததற்கு விற்பதும் வாங்குவதும் மட்டுமே காரணமல்ல என்பதை இதனால் அறிகிறோம். குழந்தைகளைப் பற்றியும் ஒரு குறிப்பு உண்டு. மதுரைக்காஞ்சியில் மகளிர் தம் பிள்ளைகளைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வது பௌத்தப் பள்ளிக்கு, அங்காடிக்கு அன்று. குழந்தையோடு வெளியே செல்லும் பெண்ணுக்குச் சமூகம் ஒரு வழிபாட்டிடத்தை வைத்திருந்தது.

கன்னடத்தில் 'அங்கடி' என்றால் தனிக்கடை. மலையாளத்தில் 'அங்ஙாடி' கடைத்தெரு. 'கடை' என்ற நம் சொல் கடல் கடந்து மலாய் மொழியில் 'கெடாய்' ஆகியிருக்கிறது. தென்கிழக்காசியாவுக்குத் தமிழர் கொண்டுபோன சொற்களுள் கடை நிலைத்துவிட்டது.

2. தாளவாடியிலிருந்து சாமராஜநகர்

என் சொந்த ஊர் தாளவாடி மலைப்பகுதி. நிர்வாகத்தில் ஈரோடு மாவட்டம். ஆனால் சத்தியமங்கலம் செல்ல வேண்டுமெனில் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கவேண்டும். சாமராஜநகர் அதைவிட அருகில், சமதளத்தில் இருக்கிறது. ஆகவே எங்களுக்குத் துணி, மருந்து, பாத்திரம், பள்ளிக்கூடப் பை எல்லாம் சாமராஜநகரில்தான். மாநில எல்லையைத் தாண்டிக் கடைக்குப் போய்வருவது எங்களுக்கு அன்றாடச் செய்தி. மஞ்சள் மட்டும் எதிர்த்திசையில் பயணம் செய்யும்: சாமராஜநகர் வயல்களில் விளைந்தது ஈரோட்டுச் சந்தைக்கு வரும்.

இந்த எல்லையே அண்மைக்காலத்தது. இன்று சாமராஜநகர் மாவட்டத்திலுள்ள கொள்ளேகால் வட்டம் 1956 அக்டோபர் 31 வரை சென்னை மாநிலத்தின் கோவை மாவட்டத்தைச் சேர்ந்தது. மொழிவழி மாநிலச் சீரமைப்பில் 1956 நவம்பர் 1 அன்று மைசூர் மாநிலத்துக்குச் சென்றது. சாமராஜநகர் என்ற பெயரும் அவ்வளவு பழையதன்று. அரிகுட்டாரம் என வழங்கிய ஊருக்கு, தம் தந்தை சாமராஜ உடையார் பிறந்த இடம் என்பதால் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் 1818இல் இப்பெயரிட்டார். தனி மாவட்டமானது 1997இல்.

அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு சாமராஜநகர்ப் பேருந்தில் ஏறிய நாட்களை நினைத்துப் பார்க்கிறேன். அவள் அங்கே சென்றது வேலையாக. என்னைக் கொண்டுசென்றது, வீட்டில் விட்டுச்செல்ல ஆள் இல்லாததால். கடைக்காரர் எனக்கு வெல்லக்கட்டி ஒன்று தருவார். அம்மாவிடம் கன்னடத்தில் நலம் விசாரிப்பார். வாங்கவேண்டியதை வாங்கியதும் பேருந்து. கடைவீதியில் உலாவுதல் என்ற கருத்தே அவளிடம் இருந்ததில்லை. உலாவுவதற்கு வீட்டைச் சுற்றிக் காடும் கரையும் இருந்தன. பேச்சுக்கு அக்கம்பக்கம் இருந்தது. கடைவீதி அவ்வேலைகளைச் செய்யவேண்டிய தேவை எழவில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் மைசூருக்குப் போவோம். சாமராஜநகரிலிருந்து இரயில் வழி அறுபது கிலோமீட்டர் சொச்சம். தசராக் கண்காட்சியும் தேவராஜ மார்க்கெட்டும் எங்கள் பயணத்தின் இரு முனைகள். தசராக் கண்காட்சி 1880இல் பத்தாம் சாமராஜ உடையார் ஆட்சியில் தொடங்கியது. உற்பத்திப் பொருட்களைக் குடிமக்களுக்குக் காட்டும் நோக்கில் தொடங்கிய அக்கண்காட்சி, நாளடைவில் இராட்டினமும் அப்பளமும் தேடிவரும் குழந்தைகளின் இடமாக மாறியது. பொருளைப் பார்க்கும் இன்பத்தை வாங்கும் கட்டாயத்திலிருந்து பிரித்துக்கொடுத்ததே கண்காட்சிகளின் பங்களிப்பு. சென்னையில் மூர் மார்க்கெட் 1900இல் திறக்கப்பட்டு 1985இல் தீக்கிரையாகும் வரை அதற்கருகே விலங்குக்காட்சிசாலையும் பூங்காவும் இருந்தன. ஊரிலிருந்து வந்த குடும்பங்கள் சிங்கத்தையும் பழைய புத்தகத்தையும் ஒரே நாளில் பார்த்தன. குழந்தை, வேடிக்கை, கடை என்ற மூன்றும் அங்கே அருகருகே இருந்தன. ஒரே கூரையின் கீழ் வரவில்லை.

3. ஒரே கூரை

ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்ததில் முதற்பங்கு பாரிஸ் நகருக்கு. 1852 முதல் 'போன் மார்ஷே' என்ற கடையை வளர்த்தெடுத்த அரிஸ்தீத் பூசிக்கோ, தாய்மாருடன் வரும் குழந்தைகளுக்குப் பலூன்களும் வண்ணப்பட அட்டைகளும் இலவசமாகக் கொடுத்தார். பட அட்டைகள் தொடர்வரிசையாக வெளிவந்தன. அடுத்ததைப் பெறக் குழந்தை அடுத்த வாரமும் தாயை அழைத்துவரும். குழந்தை, கடைக்குத் தடையாக இருந்த நிலை மாறி, கடைக்கு ஆள் சேர்ப்பவராக ஆனது இங்குதான். இன்று பொம்மை வண்டியில் நாணயம் போடச்சொல்லி அழும் ஒவ்வொரு குழந்தைக்கும் பின்னால் பூசிக்கோவின் கணக்கு இருக்கிறது.

இரண்டாவது கட்டம் அமெரிக்காவில் நிகழ்ந்தது. அதன் நாயகர் ஒரு புலம்பெயர்ந்தவர். விக்டர் குரூன் 1903இல் வியன்னாவில் யூதக் குடும்பத்தில் பிறந்த கட்டடக்கலைஞர். 1938இல் நாஜிகள் ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டபோது தப்பி நியூயார்க் சென்றார். அங்கிருந்து மேற்கே பரவிக்கொண்டிருந்த புறநகர்களைக் கண்டார். வீடுகள் இருந்தன, கார்கள் இருந்தன, ஆனால் ஒருவரையொருவர் சந்திக்க இடமில்லை. கணவர் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குச் சென்றபின், குழந்தைகளோடு தனித்திருக்கும் பெண்களுக்கு அப்புறநகர் ஒரு சிறை. 1943இல் குரூனும் அவருடைய தொழில் துணையும் மனைவியுமான எல்சி க்ரும்மெக்கும் ஒரு கட்டடக்கலை இதழில் முன்வைத்த வரைவில், கடைகளோடு குழந்தைக் காப்பகமும் நூலகமும் அஞ்சலகமும் இடம்பெற்றன. வியன்னாவின் காப்பிக்கடைகளையும் வட்டச்சாலையையும் இழந்த ஒருவர், அவற்றை வேறொரு நாட்டில் மீண்டும் கட்ட முயன்றார் என்பதாகவே இதனை வாசிக்கிறேன்.

1956 அக்டோபர் 8 அன்று மினசோட்டா மாநிலத்தின் எடைனா நகரில் குரூன் வடிவமைத்த 'சவுத்டேல்' வளாகம் திறக்கப்பட்டது. முழுவதும் மூடப்பட்ட, குளிரும் வெப்பமும் கட்டுப்படுத்தப்பட்ட முதல் புறநகர் வணிக வளாகம் அது. பனிக்காலத்தில் உறையும் அம்மாநிலத்தில், நடுமுற்றத்தில் மரங்களும் உயரமான பறவைக்கூண்டும் வைத்து, அதற்கு நிரந்தர வசந்தம் என்று பெயர் கொடுத்தார்கள். கொள்ளேகால் கோவையிலிருந்து பிரிந்தது அதற்கு இருபத்து நான்கு நாட்களுக்குப் பிறகு. இரண்டு நிகழ்வுகளுக்கும் தொடர்பில்லைதான். ஆனால் என் பாட்டியின் கடைவீதி ஒரே இரவில் வேற்று மாநிலமான அதே இலையுதிர் காலத்தில், என் அக்காவின் கடைவீதி உலகின் மறுமுனையில் பிறந்தது என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சவுத்டேலைச் சுற்றி வீடுகள், பள்ளி, பூங்கா, மருத்துவமனை எல்லாம் அமைந்த ஒரு முழு ஊரைக் குரூன் திட்டமிட்டிருந்தார். கட்டப்பட்டது கடைகளும் வாகன நிறுத்துமிடமுமே. காலப்போக்கில், வளாகத்துக்குள் நுழைபவர் வந்த காரியத்தை மறந்து மயங்கித் திரியும் நிலைக்கு 'குரூன் மாற்றம்' என்று வணிகத்துறை பெயரிட்டது. அவர் விரும்பிய பெயரன்று அது. நம் மொழியின் 'மால்' இங்கே தற்செயலாகப் பொருந்திவிடுகிறது. 1968இல் குரூன் வியன்னாவுக்கே திரும்பினார். 1976இல் அந்நகரின் எல்லையிலும் ஒரு மாபெரும் வணிக வளாகம் திறக்கப்பட்டது. 1978இல் இலண்டனில் ஆற்றிய உரையில் இவ்வளாகங்களுக்குத் தாம் தந்தையல்லர் என்று மறுத்துரைத்தார், 1980இல் காலமானார்.

4. கடல் கடந்த தமிழ்த்தாய்

புலம்பெயர்ந்த தமிழ்ப் பெண்ணும் குழந்தையும் கடையும் என்ற முக்கோணம் எல்லாக் காலத்திலும் ஒரே வடிவில் இருந்ததில்லை. இதனை வற்புறுத்தவே இப்பதிவை எழுதுகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா இரப்பர்த் தோட்டங்களுக்கும் சென்ற பெண்கள் கூலித்தொழிலாளர்களாகச் சென்றனர். கொழுந்து பறிக்கவும் பால் வெட்டவும் அதிகாலையில் சென்றவர்கள், குழந்தையைத் தோட்டத்தின் காப்பகத்தில் விட்டுச்சென்றனர். இலங்கை மலையகத்தில் அதற்குப் 'பிள்ளை மடுவம்' என்று பெயர். மலாயாவில் 'ஆயாக் கொட்டகை'. வேலை தாயையும் குழந்தையையும் பகல் முழுவதும் பிரித்தது. கடை என்பது தோட்டத்துக் கடை; அது உலாவும் இடமன்று, கடன் ஏறும் இடம்.

எழுபதுகளுக்குப் பின் வளைகுடாவுக்குச் சென்ற தமிழ்ப் பெண்களில் இரு சாரார் உண்டு. ஒரு சாரார் வீட்டுப் பணியாளர்கள். அவர்கள் தம் குழந்தையை ஊரில் விட்டு, பிறர் குழந்தையை வளர்க்கச் சென்றவர்கள். மறு சாரார் கணவரின் விசாவைச் சார்ந்து சென்ற மனைவியர். ஐக்கிய அரபு அமீரகத்தில் குடும்பத்தை அழைத்துவர ஊழியருக்குக் குறைந்தபட்ச வருமானம் நிபந்தனை: மாதம் 4,000 திர்ஹாம், அல்லது தங்குமிடத்துடன் 3,000 திர்ஹாம். கட்டுமானத் தொழிலாளர் பெரும்பாலோர் இவ்வரம்புக்குக் கீழே நின்றுவிடுவர்; ஆகவே அவர்தம் மனைவியர் கடிதத்திலும் பின்னர்க் கைபேசியிலும் மட்டுமே வாழ்ந்தனர். வரம்பைக் கடந்தவர்களின் மனைவியர் பலர் ஊரில் பட்டம் பெற்றவர்கள். வந்த இடத்தில் வேலையற்றவர்கள். அமெரிக்காவிலும் இதன் இணை உண்டு: எச்-4 விசாவில் சென்ற துணைவியருக்கு வேலை செய்யும் அனுமதி 2015 மே மாதம் வரை இல்லை, அதன்பிறகும் ஒரு பகுதியினருக்கே கிடைத்தது.

ஆக, தோட்டத்துப் பெண்ணுக்கு வேலை இருந்தது, குழந்தை அருகில் இல்லை. சார்பு விசாப் பெண்ணுக்குக் குழந்தை இருபத்து நான்கு மணி நேரமும் அருகில் உண்டு. வேலையும் இல்லை, பாட்டியும் இல்லை, திண்ணையும் இல்லை. குரூன் புறநகர் அமெரிக்கப் பெண்ணிடம் கண்ட தனிமை, விசாச் சட்டத்தின் வழியாக நம் பெண்களுக்கு வந்துசேர்ந்தது. அதற்கான மருந்தும் அதே கடையிலிருந்து வந்தது.

துபாயின் தேரா பகுதியில் அல் குரைர் மையம் 1981இல் திறக்கப்பட்டது. வளைகுடாவின் தொடக்ககால வணிக வளாகங்களுள் அது ஒன்று. தேரா சிட்டி சென்டர் 1995இலும் துபாய் மால் 2008இலும் வந்தன. கோடையில் அங்கே நண்பகல் வெயிலில் மனிதர் நிற்க இயலாது என்பதை அரசே ஒப்புக்கொள்கிறது: ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெளிவேலை தடைசெய்யப்பட்டுள்ளது. மாலையிலும் தரையும் காற்றும் கொதிக்கும். பதினான்கு மாதக் குழந்தையை எந்தப் பூங்காவுக்கு அழைத்துச்செல்வது? குளிரூட்டப்பட்ட, தரை வழுக்காத, கழிவறையும் பாலூட்டும் அறையும் உள்ள, நுழைவுக்கட்டணம் இல்லாத ஒரே இடம் எதுவோ அதுவே பூங்கா.

கனடாவில் இதே காரணம் தலைகீழாக இயங்குகிறது. 1983 வன்முறைக்குப் பின் இலங்கையிலிருந்து வெளியேறிய தமிழர் பெருந்தொகையாகக் குடியேறிய ஸ்கார்பரோவில், பனிக்காலத்தின் நீண்ட மாதங்களில் குழந்தையை நடக்கவிட வணிக வளாகமே களம். அங்கே தமிழ்க் கடைகள் நிறைந்த வளாகம் ஒன்றுக்குக் கொழும்பு பம்பலப்பிட்டியிலுள்ள 'மெஜஸ்டிக் சிட்டி'யின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். வியன்னாவை மினசோட்டாவில் கட்ட முயன்ற குரூனை இங்கே நினைவுகூரலாம். அவர் இழந்த நகரத்தின் வடிவத்தைக் கொண்டுபோனார். இவர்கள் பெயரைக் கொண்டுபோனார்கள்.

5. 'வெளி'

நான்கு வயது மருமகனின் பேச்சைக் குறிப்பெடுப்பது எனக்குப் பொழுதுபோக்கு. அவன் 'வெளியே போகலாம்' என்று சொன்னால் அது வணிக வளாகத்தை மட்டுமே குறிக்கும். வாகன நிறுத்துமிடம், சாலை, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றுக்கு அவன் 'வெளியே' என்று சொல்வதில்லை; அவை 'சூடு'. வெட்டவெளி, திறந்தவெளி என்றெல்லாம் நாம் வழங்கும் ஒரு சொல், அவன் மொழியில் கூரையும் சுவரும் குளிரூட்டியும் உள்ள கட்டடத்துக்குப் பெயராகிவிட்டது. குழந்தை மொழியில் பொருள் சுருங்குவதும் விரிவதும் இயல்பே. வளர்ந்தபின் திருத்திக்கொள்வான். ஆயினும் ஒரு தலைமுறை எவ்விடத்தில் வளர்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவன் எங்கள் கையை விட்டுக் கூட்டத்தில் மறைந்துபோனான். பதினைந்து நிமிடம். அக்கா தள்ளுவண்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள், நான் ஓடினேன். தகவல் மேசையில் அவனைக் கண்டுபிடித்தபோது, அங்கிருந்த பெண் நடந்ததைச் சொன்னார். தாயின் பெயரைக் கேட்டிருக்கிறார், 'அம்மா' என்றிருக்கிறான். தந்தையின் பெயர், 'அப்பா'. மலையாளியான துப்புரவுப் பணியாளர் ஒருவர் அவன் மொழியைக் கேட்டு அருகில் வந்து, தம் மொழியில் பேசி அழுகையை நிறுத்தியிருக்கிறார். தமக்கும் ஊரில் இதே வயதில் ஒரு பேரன் உண்டு என்று எங்களிடம் சொன்னார். பணிக்கு வந்து பதினோரு ஆண்டாகிறதாம்.

அன்றிரவு அக்கா நெடுநேரம் உறங்கவில்லை. "இங்கே அவனுக்கு என் பெயர் தெரியாது, என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் இங்கே ஆளில்லை" என்றாள். ஊரில் அவள் ஒரு கல்லூரியில் மூன்றாண்டு வேதியியல் கற்பித்தவள். மாணவர்கள் அவளைப் பெயரோடு 'மேடம்' சேர்த்து அழைப்பார்கள். கணவர் வீட்டில் இல்லாத நேரத்தில் அப்பெயரை எவரும் உச்சரிப்பதில்லை என்பதை அன்றுதான் கவனித்தேன். மறுநாள் அவனுக்குத் தாயின் பெயரையும் கைபேசி எண்ணையும் ஒரு பாட்டின் மெட்டில் கற்றுக்கொடுத்தோம். மாலை ஐந்தரைக்கு வழக்கம்போல் புறப்பட்டோம்.

6. யாருடைய முற்றம்

இதுவரை எழுதியது வணிக வளாகத்துக்கு வக்காலத்து வாங்குவதாகத் தோன்றலாம். அவ்வாறன்று. புகாரின் நாளங்காடி இரு பாக்கத்துக்கும் பொதுநிலம். வணிக வளாகம் தனியார் நிலம். யாரை உள்ளே விடுவது என்பது உரிமையாளர் முடிவு. வளைகுடாவின் சில இடங்களில் 'குடும்ப நாள்' என்று குறித்து, தனித்து வரும் ஆண் தொழிலாளரை வாசலில் தடுக்கும் வழக்கம் இருந்திருக்கிறது. குடும்பத்தை அழைத்துவரும் வருமானம் இல்லாதவர், குடும்பம் இல்லை என்ற காரணத்தால் நிழலும் குளிரும் மறுக்கப்பட்டார். அக்கட்டடத்தின் கான்கிரீட்டைக் கொட்டியவர் அவராகவே இருக்கக்கூடும். என் அக்காவின் தள்ளுவண்டி ஒருவகை நுழைவுச்சீட்டு என்பதை அறிந்தபோது எனக்கு வெட்கமாயிருந்தது.

உள்ளேயும் வேறுபாடு உண்டு. விளையாட்டுப் பகுதியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் பெண்களில் தாய் எவர், பணிப்பெண் எவர் என்பதை உடையே காட்டிவிடும். இருவரும் ஊரிலிருந்து வந்தவர்களே, இருவரும் சோர்ந்திருப்பவர்களே. ஒருவர் கையில் தன் குழந்தை. மற்றவர் கையில் பிறர் குழந்தை. தோட்டக் காலத்துப் பிரிவு முடிந்துவிடவில்லை, இடம் மாறி ஒரே கூரையின் கீழ் வந்து நிற்கிறது.

ஆகவே நான் வந்தடைந்த முடிவு இதுதான். புலம்பெயர்ந்த தாய் நாள்தோறும் வணிக வளாகத்துக்குச் செல்வதை நுகர்வு மோகம் என்று மட்டும் வாசிப்பது பிழை. விசாச் சட்டம், தட்பவெப்பம், கூட்டுக்குடும்பத்தின் இன்மை, பொதுவெளியின் பற்றாக்குறை ஆகிய நான்கும் சேர்ந்து அவளை அங்கே கொண்டுசேர்க்கின்றன. வணிகம் அத்தேவையைத் தன் இலாபத்துக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. தேவை உண்மையானது; கிடைத்த விடை குறையுடையது. நான் பயின்ற புலம்பெயர் வரலாறுகளில் கப்பல், ஒப்பந்தம், ஊதியம், பணவிடை பற்றி விரிவாக இருக்கிறது. மாலை ஐந்தரை மணிக்குக் கைக்குழந்தையோடு எங்கே போவது என்ற கேள்வி குறைவாகவே இடம்பெறுகிறது. அக்கேள்வியும் வரலாற்றுக்கு உரியதே.

திரும்பிவந்த வாரம் அம்மாவோடு சாமராஜநகர் சென்றேன். அதே கடைவீதி, கடைக்காரரின் மகன் இப்போது கல்லாவில். அம்மா வாங்கவேண்டியதை வாங்கியபின், பேருந்துக்கு நேரமிருந்ததால் சாமராஜேசுவரர் கோயில் முன் சற்று உட்கார்ந்தோம். குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தன; எவர் குழந்தை எவருடையது என்று தெரியவில்லை; யாரும் கவலைப்படவுமில்லை. அம்மாவிடம் அக்காவின் மாலைநேர நடையைப் பற்றி விரிவாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அங்கே உட்கார இடமாவது இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். இரண்டாம் தளத்தில், மின்படிக்கட்டுக்கு அருகே, நான்கு இருக்கைகள்.

"அப்போ போகட்டும்" என்றாள். அடுத்த முறை அத்தை அலைபேசியில் "பெரியவள் இன்னும் தினமும் மாலுக்குப் போகிறாளா?" என்று கேட்டபோது, அம்மா சொன்ன பதிலை இங்கே பதிவுசெய்கிறேன்: "ஆமாம், பிள்ளைகளை வெளியே கூட்டிக்கிட்டுப் போறா."

வெளிநாட்டில் குழந்தை வளர்த்த அனுபவமுள்ளவர்கள், குறிப்பாக எழுபது, எண்பதுகளில் சிங்கப்பூர், கோலாலம்பூர், குவைத், துபாய் ஆகிய இடங்களில் இருந்தவர்கள், அந்நாட்களில் மாலைப்பொழுதை எங்கே கழித்தீர்கள் என்பதை எழுதினால் மகிழ்வேன். தோட்டப்புறப் பாட்டிமாரின் நினைவுகள் கிடைத்தால் இன்னும் நன்று. பெயர் குறிப்பிட விரும்பாதவர்கள் தனிச்செய்தியில் எழுதலாம்.